கண்புரை அறுவைக்குப் பின் கண் வலித்தால் தொலைபேசிப் பதிலை நம்பிக் காத்திருக்காதீர்கள்

எங்கள் மாவட்டத்தில் உள்ள ஒரு தனியார் கண் மருத்துவமனையில் என் அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்து லென்ஸ் வைத்தார்கள். மறுநாள் கட்டுப் பிரித்ததும் எதிர்ச் சுவரில் இருந்த நாள்காட்டியின் தேதியை அம்மா தெளிவாகப் படித்தார். அந்த வாரம் முடிவதற்குள் ஒரு விடியற்காலையில் அதே கண்ணில் கடும் வலி எடுத்து, இமை வீங்கி, பார்வை புகைமூட்டமாக மங்கியது. உடனே தொலைபேசியில் அழைத்தபோது, "வயசானவங்களுக்கு உறுத்தல் இருக்கத்தான் செய்யும், ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கூடுதலாக விடுங்க, செக்கப் தேதியில வந்தா போதும்" என்று வரவேற்பில் இருந்த ஊழியர் சொல்லிவிட்டார். வலி குறையாததால் நேரில் போனோம். அங்கும் கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கக்கூட ஒரு மருத்துவர் இல்லை. அறுவை செய்தவர் வாரம் ஒருமுறை வெளியூரிலிருந்து வந்து போகிறவர் என்பதை, பேக்கேஜ் தொகையை வாங்கும்போது எவரும் எங்களிடம் சொல்லவில்லை.

வேறு ஊரில் விழித்திரை நிபுணர் பரிசோதித்தபோது, கருவிழிக்குப் பின்னால் அடிப்பகுதியில் பிறை வடிவில் வெண்சீழ் படிந்திருந்தது. எண்டாஃப்தால்மைட்டிஸ் எனப்படும் உட்கண் தொற்று அது. கண்ணுக்குள்ளிருந்து திரவ மாதிரி எடுத்துவிட்டு, வான்கோமைசின், செஃப்டாசிடிம் ஆகிய இரண்டு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் அன்றே கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தினார்கள். பார்வை வெளிச்சத்தை மட்டும் உணரும் அளவுக்குக் குறைந்துவிட்டால், விழிக்குழம்பை அகற்றும் விட்ரெக்டமி அறுவையே தேவைப்படும் என்றும் விளக்கினார்கள். அம்மாவால் இன்று அந்தக் கண்ணால் விரல்களை எண்ண முடிகிறது. எழுத்துகளைப் படிக்க முடியவில்லை.

இத்தொற்று மிகச் சிறந்த அறுவை அரங்கிலும் அரிதாக ஏற்படக்கூடியது. ஆகவே தொற்று வந்ததற்காக நான் அந்த மருத்துவமனையைக் குறை கூறவில்லை. சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு மணி நேரமும் பார்வையைத் தின்னும் நோயில், கண்ணையே பார்க்காமல், சிவப்பையும் வலியையும் மறைத்துவிடக்கூடிய ஸ்டீராய்டை அதிகப்படுத்தச் சொன்னார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. லேசான உறுத்தலும் கண்ணீர் வடிதலும் முதல் சில நாட்களில் இயல்பானவை. மாதங்கள் கழித்து மெல்ல மங்கினால், பெரும்பாலும் லென்ஸின் பின்சவ்வு தடித்திருக்கும். அதை யாக் லேசர் சில நிமிடங்களில் சரிசெய்துவிடும். ஆனால் கூடிக்கொண்டே போகும் வலி, தெளிந்த பார்வை மீண்டும் மங்குவது, மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோன்ற நிழல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே கண் மருத்துவர் நேரில் பார்த்தாக வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே, இரவில் அழைத்தால் எந்த மருத்துவர் வந்து பார்ப்பார் என்று கேட்டு, அவர் எண்ணை எழுதி வாங்குங்கள்.

அறுவைக் குறிப்பையும் லென்ஸ் விவரத்தையும் கேட்டபோது, "அதெல்லாம் கொடுக்கிற வழக்கம் இல்லை" என்றார்கள். நோயாளி கோரினால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நெறிமுறை விதிகள் கூறுகின்றன. கட்டணம் பெற்றுச் செய்யப்படும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். எழுத்துமூலம் கோரிக்கை கொடுத்து ஒப்புகை பெற்றிருக்கிறோம், அதையும் மருந்துச் சீட்டுகளையும் இணைத்து மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.