கதவடியில் சொட்டும் தண்ணீர்: கடற்கரை வீட்டில் ஒரு கன்வெக்‌ஷன் ஓவன்

நான் வைத்திருக்கும் அதே 28 லிட்டர் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் ஓவனுக்கு விலை இறங்கியிருக்கிறதாம். "வாங்கலாமா லாத்தா?" என்று ஏர்வாடியிலிருந்து தங்கச்சி கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மெக்கானிக் பில்லைக் கையில் கொடுத்துவிட்டுப் போன நேரம் அது. அந்தக் கோபம் இருந்தது உண்மைதான், ஆனால் காரணம் அது மட்டும் இல்லை.

சமையலைப் பொறுத்தவரை இதன் மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்யும் இனிப்பான வட்டலப்பத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் இறக்கி, சூடான காற்று சுழலும் கன்வெக்‌ஷனில் வைத்தால், நடுவில் குழி விழாமல், ஓரம் வெடிக்காமல், கருப்பட்டி வாசத்தோடு ஒரே சீராக எழும்பி நிற்கும். இட்லிப் பானையில் எனக்கு அந்தப் பதம் வந்ததே இல்லை. விளைமீனை மசாலா தடவி கிரில்லில் வைத்தாலும் அப்படித்தான், தோல் முறுகும், உள்ளே சதை காயாது.

தொல்லை எல்லாம் தண்ணீரால்தான். குழம்பைச் சூடாக்கினாலே கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்க்கும். அந்த முத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்து, கதவின் கீழ் விளிம்பில் வரிசையாகத் தொங்கும். கதவைத் திறந்ததும் பாதி கடப்பாக்கல்லில் கொட்டும், மீதி ஓவனின் கீழ் உதட்டில் தேங்கி நிற்கும். என் மாமி இதைப் பார்த்துப் பயந்தே போனார். ஆவி வெளியே வருகிறதென்றால் கதிரும் வருமே என்றார். அப்படி இல்லை. மைக்ரோவேவ் கதவு காற்றுப் புகாமல் அடைக்கிற கதவே அல்ல. அதன் விளிம்பில் உள்ள அமைப்பு அலையைத்தான் தடுக்கும், ஆவியை அல்ல. கதவு வளையாமல், கொக்கி சரியாக விழுந்து மூடினால் ஆவியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சாப்பாட்டிலிருந்துதான். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர், அதாவது 15 மில்லி, முழுக்க ஆவியானால் சுமார் 25 லிட்டர் நீராவி ஆகிவிடும். என் ஓவனின் வயிறே 28 லிட்டர்தான். மைக்ரோவேவில் சாப்பாடுதான் சூடாகிறது, கண்ணாடி சூடாவதில்லை. அதனால் ஆவி போய்ப் படிந்து தண்ணீராக மாறுவது அங்கேதான். சந்தேகம் இருந்தால் உள்ளே எதுவும் வைக்காமல் கன்வெக்‌ஷனில் மட்டும் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கண்ணாடி காய்ந்தே இருந்தால் மெஷின் ஒழுகவில்லை என்று அர்த்தம். மைக்ரோவேவ் மோடில் மட்டும் வெறுமனே ஓட்டிவிடாதீர்கள், உள்ளே அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் கெட்டுப்போகும்.

மேக்னட்ரானைக் குளிர வைக்க உள்ளே ஓடும் ஃபேன்தான் இந்த ஆவியையும் வெளியே தள்ளுகிறது. எங்கள் வீட்டில் பொருத்த வந்தவர் ஓவனைக் கப்போர்டுக்குள் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டுப் போனார். பின்பக்க ஓட்டைகள் சுவரைப் பார்த்து ஊதினால் ஆவி எங்கே போகும்? வெளியே இழுத்து, பின்னால் ஒரு சாண் இடம் விட்ட பிறகு சொட்டுவது பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதிக்குக் காரணம் எங்கள் கீழக்கரைக் காற்று. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். இங்கே மேடை, கண்ணாடி, ஜன்னல் கம்பி எதைத் தொட்டாலும் உப்புப் பிசுபிசுப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். அந்த உப்பும் தேங்கின தண்ணீரும் சேர்ந்து கீழ் உதட்டில் பெயின்ட்டைக் கொப்புளமாகத் தூக்கிவிட்டன. கொப்புளத்தை நகத்தால் தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது, அடியில் செந்துரு. கொஞ்ச நாளில் துரு உள்பக்கமும் ஏறி, பொறி பறக்க ஆரம்பித்தது. பக்கவாட்டில் அலை உள்ளே வரும் வழியை மூடியிருக்கும் மைக்கா அட்டையும் ஈரமும் எண்ணெயும் ஊறிக் கருகிவிட்டது.

மெக்கானிக் மைக்காவை மாற்றினார், துருவைச் சுரண்டி ஓவனுக்கான பெயின்ட் அடித்தார், துருவுக்கு வாரண்டி கிடையாது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் வரும் என்று தெரிந்தே செய்கிற பொருள் இது. கதவடியில் ஒரு சின்ன வடிகால் தட்டு வைக்கக் கூடாதா? உதட்டில் இன்னொரு கோட் பெயின்ட் அடிக்கக் கூடாதா? கடலோரத்தில் எத்தனை ஊர் இருக்கிறது! எங்களுக்கும் அதே விலைக்குத்தானே விற்கிறார்கள்?

இப்போது சமைத்து முடித்ததும் கதவைத் திறந்து ஆறவிட்டு, கீழ் உதட்டைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுக்கிறேன். உப்பு படிந்த வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து உடனே காயவைக்கிறேன். பொறி பறந்தால் முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் பிடுங்கியிருந்தாலும் உள்ளே கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும், மூடியை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள்.

என்னுடையது செத்துப்போனால் வட்டலப்பத்துக்காகவே இதையே மறுபடி வாங்குவேன். ஆனால் தங்கச்சிக்கு நான் சொன்னது வேறு. அவள் வீடு கடலுக்கு இன்னும் பக்கம். விலை கூடினாலும் உள்பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உள்ளதாகப் பார்த்து வாங்கு, கப்போர்டுக்குள் வைக்க விடாதே, பொருத்த வருகிறவர் போகும்வரை பக்கத்திலேயே நில்லு என்றேன்.