‘பண்ணைக் குஞ்சு’ என்று சொல்லி பீ பஃபர் விற்கிறார்கள், கவனம்

சென்னையில் ஒரு வண்ண மீன் கடையில் பீ பஃபர் (pea puffer) என்ற குட்டி மீன்கள் சில வாங்கினேன். பண்ணையில் பொரித்த குஞ்சு, பெல்லட் என்ற உலர்தீவன உருண்டை சாப்பிடும், கப்பி என்ற சின்ன வண்ண மீனோடு சேர்த்தே விடலாம் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். மூன்றும் பொய். ஒன்று 150 ரூபாய். பில் கேட்டதற்கு, “மீனுக்கெல்லாம் யார் சார் பில் போடுகிறார்கள்?” என்று சிரித்தார்.

வீட்டுத் தொட்டியின் வெளிச்சத்தில்தான் வயிறு தெரிந்தது. வயிறாரத் தின்ற பீ பஃபர் பட்டாணி போல உருண்டிருக்கும். இவற்றுக்கு வயிறு உள்வாங்கிக் கிடந்தது. மேலிருந்து பார்த்தால் தலை மட்டும் அகலம், உடம்பு ஒடுங்கிப்போய் இருந்தது. பெல்லட் போட்டேன். கண்களைத் தனித்தனியே உருட்டி அதை நோட்டம் விட்டன. ஒன்று மட்டும் வாயில் வாங்கி உடனே துப்பியது. அசையாத எதையும் இரை என்று அவை மதிக்கவே இல்லை. மறுநாள் காலை கப்பிகளின் வால்களில் பிறை பிறையாகக் கடித்த தடம்.

இந்த மீன் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்கே ஓடும் ஆறுகளுக்கே உரியது, பெரும்பாலும் கேரளத்தில் வாழ்வது. 1941-இல் மீன் ஆய்வாளர்கள் ஹோராவும் நாயரும் பம்பை ஆற்று மீனை வைத்துத்தான் இதை முதலில் விவரித்தார்கள். சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது அழிய வாய்ப்புள்ள இனம். தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய முடியாத மீனும் அல்ல. பாசிக்கொத்தில் முட்டையிடும், பொறுமைசாலிகள் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் கடுகளவு குஞ்சுகளுக்கு உயிர்த்தீனி கொடுத்து ஆளாக்குவதைவிட ஆற்றில் வலை வீசி அள்ளுவது மலிவு. அள்ளிய மீன் கைமாறிக் கைமாறிக் கடைக்கு வரும்வரை பட்டினி கிடக்கிறது. கூடவே குடற்புழு வேறு. அதற்குத்தான் ‘பண்ணை’ என்று பெயர் சூட்டி விலையை ஏற்றுகிறார்கள். இதில்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

கடைக்காரரைப் போனில் கேட்டபோது, “உங்கள் தண்ணீரில்தான் கோளாறு சார்” என்றார். தண்ணீரில் மீனுக்கு நஞ்சாகும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று காட்டும் சோதனைப் படத்தை அனுப்பினேன். பார்த்தார், அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. பாதி மீன்கள் செத்துவிட்டன. மிச்சம் கொசுப்புழுவும் குட்டி நத்தையும் தின்று தேறி வருகின்றன. கப்பிகள் தனித் தொட்டிக்குப் போய்விட்டன.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், கடைக்காரரைக் கண்ணெதிரே கொசுப்புழு போடச் சொல்லுங்கள். பாய்ந்து தின்னாத மீனும், வயிறு ஒட்டிய மீனும் வேண்டாம். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

இன்னொன்று. கடையில் அதே தொட்டியில் பச்சைப் புள்ளி பஃபர் என்ற வேறு இனத்தின் குஞ்சுகளும் கலந்து நீந்தின. வெள்ளை வயிறும் பச்சை முதுகில் வட்டக் கரும்புள்ளியும் இருந்தால் அது பீ பஃபர் அல்ல. பீ பஃபர் முழுதாக வளர்ந்தாலும் 3.5 செ.மீ.க்குள்தான், அதுவோ 15 செ.மீ. வரை வளரும், வளர்ந்த பிறகு உப்புக் கலந்த தண்ணீரும் கேட்கும்.