வீட்டுத் திண்ணைக்கு வந்த மருத்துவம்: ஒரு பயனாளிக் குடும்பத்தின் மதிப்பீடு

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்றவை உள்ளவர்களுக்கு வீட்டிலேயே பரிசோதனையும் மருந்தும் தரும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை நான் அறிந்தது என் தாயாரின் வழியாகத்தான். மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர் குளுக்கோமீட்டரும் இரத்த அழுத்தக் கருவியும் கொண்ட பையுடன் வந்து, திண்ணையில் அமர்ந்து, அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி, அளவைக் குறித்துக்கொண்ட பிறகே மாத்திரை அட்டைகளைக் கொடுப்பார். முன்பெல்லாம் இதற்காகவே அரைநாள் வேலையை விட்டுவிட்டு நான் அம்மாவுடன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2024இல் இத்திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை.

இதை இலவசச் சேவை என்பது பொருந்தாது, எல்லாம் வரிப்பணம். பொதுச் சுகாதாரத்துக்கான மத்திய அரசுத் திட்டமான தேசிய நலவாழ்வு இயக்கத்தின் செலவைத் தமிழகம் போன்ற மாநிலங்களில் மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் ஏற்கின்றன. அதற்கு அப்பால், மத்திய, மாநில அரசுகளின் நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென நாடு முழுமைக்கும் 70,051 கோடி ரூபாய் மானியம் பரிந்துரைத்தது.

என் குறை ஒன்றுதான்: கொடுத்த மாத்திரைகளை எண்ணிக் கணக்குக் காட்டலாம், வராமல் தடுத்த நோயை அப்படிக் காட்ட முடியாது என்பதாலோ என்னவோ, உப்பைக் குறைப்பது, நடைப்பயிற்சி, புகையிலையை விடுவது பற்றிய பேச்சு கிளம்பும் நேரத்தில் வாசற்படியில் சொல்லும் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. அம்மாவின் ஊறுகாய் ஜாடியைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை.