குலை நோய்க்கு எது: சூடோமோனாஸா, டிரைசைக்லசோலா?

மார்கழிப் பனியில் சம்பா நெல் பொதி கட்டும் நேரத்தில் வருகிற கேள்வி இது. மருந்துக் கடைக்கு ஓடும் முன் ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்கள். இரண்டு முனையும் கூராகக் கண் மாதிரி நீண்டு, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் இருந்தால் குலை நோய். எள்ளு மாதிரி முட்டை வடிவப் புள்ளி என்றால் அது செம்புள்ளி. பெரும்பாலும் சத்துக் குறைந்த மண்ணில் வருவது, அதற்குக் குலை நோய் மருந்தான டிரைசைக்லசோலை அடித்தால் காசுதான் வீண்.

சரி, குலை நோய்தான் என்று வைத்துக்கொள்வோம். சூடோமோனாஸ் நன்மை செய்யும் பாக்டீரியா. கிலோ விதைக்கு 10 கிராம் கலந்து நேர்த்தி செய்து, நாற்றின் வேரையும் அரை மணி நேரம் கரைசலில் நனைத்து நட்டால் பயிரின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும். ஆனால் உயிருள்ள சரக்கு. ஒருமுறை வாங்கி வந்த பாக்கெட்டை வீட்டில் திருப்பிப் பார்த்தேன், காலாவதியாகி மூன்று மாதம்! வெயிலில் கிடந்த பாக்கெட்டும் அதே கதைதான். தாமிர மருந்தோடு கலக்கவும் கூடாது.

டிரைசைக்லசோல் வேலை செய்கிற விதம் வேறு. குலை நோய் ஒரு பூஞ்சையால் வருவது. பனி ஈரத்தில் முளைக்கும் அதன் வித்து, இலை மேல் கறுத்த சுவர் கொண்ட சின்னப் பை ஒன்றைக் கட்டி, அதில் அழுத்தம் ஏற்றித்தான் இலையைத் துளைக்கிறது. அந்தக் கறுப்பு நிறமியை உருவாகவிடாமல் தடுப்பதுதான் இந்த மருந்து. அதனால் ஏற்கெனவே உள்ளே போய்விட்ட பூஞ்சையை இது பெரிதாக ஒன்றும் செய்யாது. கதிரின் கழுத்து கறுத்துக் கதிர் வெளுத்த பிறகு அடித்துப் பயனில்லை, கதிர் எட்டிப் பார்க்கும்போதே அடிக்க வேண்டும். அரிசியில் தங்கிவிடும் மருந்தின் எச்சம் இன்னொரு கவலை: பாசுமதியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை அனுமதித்த ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் அதை 0.01 ஆக்கிவிட்டது.

என்னைக் கேட்டால் விதையிலும் நாற்றிலும் சூடோமோனாஸ், கண் புள்ளி பரவி இரவுப் பனியும் விடாமல் இருந்தால் டிரைசைக்லசோல், ஹெக்டேருக்கு 300 முதல் 400 கிராம். அந்தக் கட்டத்தில் சூடோமோனாஸை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் வராது. அப்புறம், புள்ளி தெரிந்த வயலில் மேலுர யூரியாவை உடனே நிறுத்துங்கள். தழைச்சத்து ஏறிய பயிரில் எந்த மருந்தும் திணறும்.