ஸ்டெம் பின் ஸ்டாண்ட்: பைக்கின் முன்பக்கத்தைத் தூக்க நம்பி வாங்கலாம்

ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) ஆயில் கசியாமல் தடுக்கும் சீலை மாற்ற இந்த ஸ்டாண்ட்தான் சரி. ஃபோர்க்கின் அடியைத் தாங்கும் ஸ்டாண்டில் சக்கரத்தை மட்டுமே கழற்றலாம்; இது ஸ்டீயரிங் ஸ்டெம்மின் (ஹேண்டில் திரும்பும் தண்டு) அடித்துளையில் தாங்குவதால் ஃபோர்க்கையும் உருவலாம்.

அந்தத் துளைக்குள் நுழையும் பின்னின் (முளையின்) அளவில்தான் கோட்டை விடுவார்கள். துளையை வெர்னியரில் அளந்து, ஆட்டமில்லாமல் உட்காரும் பின்னைப் போடுங்கள். லூஸாக இருந்தால் தூக்கும்போதே சாய்ந்து நழுவும். சில வண்டிகளில் துளையே இருக்காது, அல்லது பிரேக் ஹோஸ் மறைக்கும். வாங்குமுன் குனிந்து பாருங்கள்.

ஆக்ஸில் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். முதலில் பின்பக்க ஸ்டாண்ட், பிறகு ஹேண்டிலை நேராக வைத்து இது. இறக்கும்போது முன்பக்கம் முதலில். சைலன்சருக்கு அடியில் ஜாக்கி வைப்பது வேண்டவே வேண்டாம், குழாய் நசுங்கும். கழற்றிய பிரேக் காலிப்பரைக் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் பாரம் விழக்கூடாது.