கல்வி யார் கையில்? மாநிலப் பட்டியலா, பொதுப் பட்டியலா

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் வந்த 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம்தான் கல்வியை, மாநிலங்கள் சட்டம் போடும் மாநிலப் பட்டியலிலிருந்து, ஒன்றிய அரசும் மாநிலங்களும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. அதைத் திரும்பக் கேட்பது நியாயமா?

மாநிலப் பட்டியலில் இருந்தபோது, 1956இல், காமராஜர் ஆட்சி பள்ளிகளில் மதிய உணவு போட்டது. ஒன்றிய அரசு அதை நாடு முழுவதற்குமான திட்டமாக எடுத்துக்கொண்டது 1995இல். பசியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளை பக்கத்தில் இருப்பவர் கண்ணில்தான் முதலில் படும்.

பொதுப் பட்டியலாலும் நன்மை உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தால் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. 5, 8ஆம் வகுப்புகளில் ஃபெயில் ஆக்குவதா என்பதை 2019 திருத்தம் மாநிலங்களிடமே விட்டது. எல்லாமே இப்படி நடந்தால் சண்டையே இல்லை.

பணம் என்று வரும்போதுதான் சிக்கல். பள்ளிக் கல்விக்கு ஒன்றிய அரசு நிதி தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தில், தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது. தனியார் பள்ளிகளின் அந்த 25 சதவீத இலவச இடங்களுக்கான தொகையும் அதோடு மாட்டிக்கொண்டது. 2025 ஜூனில் பள்ளி திறந்தும் அந்தச் சேர்க்கை தொடங்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு அக்கா மகனின் பிறப்புச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காத்திருந்தார். அக்டோபரில் அறிவிப்பு வந்தபோது, கடன் வாங்கிக் கட்டிய ஃபீஸ் ரசீதும் அதே கவருக்குள் இருந்தது.

சரி, மாநிலப் பட்டியலுக்கு வந்துவிட்டால் நீட் தானாகப் போய்விடுமா? அவ்வளவு சுலபமில்லை. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசு மட்டுமே சட்டம் போடும் ஒன்றியப் பட்டியலின் 66ஆவது இனத்தில் இருக்கிறது. 1976க்கு முன்பும் அங்கேதான் இருந்தது. அதையும் திருத்தக் கேட்காமல் மருத்துவச் சேர்க்கையைப் பற்றி நம்பிக்கை கொடுப்பது மாணவர்களுக்குச் செய்யும் துரோகம்.

என் கட்சி மாநிலப் பட்டியல்தான். மாநிலங்கள் கைவிட்டால் பிள்ளைகள் கதி என்ன என்று கேட்பார்கள். 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி என்பது 21ஏ பிரிவின்படி அடிப்படை உரிமை. பட்டியல் மாறினாலும் அது போகாது. அப்புறம் அந்த 60 சதவீதப் பணம்: அதை ஒப்பந்தத்தோடு முடிச்சுப் போடாமல், வரிப் பணத்தை மாநிலங்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்கும் நிதிக்குழு வழியாக மாநிலத்தின் பங்காகவே கொடுத்துவிட வேண்டும்.