ரபாலா டிடி-6: கல்லுக்கும் கட்டைக்கும் சரி, பாசிக்கு ஆகாது

பாஸ் மீன் பிடிக்க முதன்முதலாக கிராங்க்பெய்ட் (சுற்றி இழுக்கும்போது நீருக்குள் ஆடிக்கொண்டே வரும் செயற்கை இரை, அதாவது ஒரு வகை லூர்) வாங்குபவர்களுக்கு ரபாலா நிறுவனத்தின் டிடி-6 நல்ல தேர்வுதான். ஆனால் கடைக்குப் போகுமுன் நீங்கள் போகும் ஏரியின் அடியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். கல், சரளை, மூழ்கிய மரம் என்றால் தாராளமாக வாங்கலாம். அடர்ந்த பாசி என்றால் காசு வீண்.

டிடிக்குப் பின்னால் இருக்கும் எண், லூர் எத்தனை அடி ஆழம் போகும் என்பதைச் சொல்கிறது. டிடி-6 இரண்டு அங்குல நீளம், 3/8 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 11 கிராம். உடல் பால்சா மரம், முன்னால் மெல்லிய பாலிகார்பனேட் உதடு, வயிற்றிலும் வாலிலும் ஒவ்வொரு மும்முனை முள்.

அந்த ஆறடி தானாக வந்துவிடாது. 15 பவுண்டு தாங்கும் மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பைக் கட்டினால் அதன் தடிமனே லூரைக் கீழே போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். வீச்சு குறுகினாலும் அதே கதிதான், ஆழத்தைத் தொடுவதற்குள் லூர் படகுக்கு வந்துவிடும். 10 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு போடுங்கள். கல் அதிகமாக உரசும் இடத்தில் மட்டும் 12 பவுண்டு.

இனி முக்கியமான விஷயம். ஆறடி போகும் லூரை ஆறடிக்கு மேல் ஆழமான தண்ணீரில் ஓட்டுபவர்கள்தான் அதிகம். இதை நாலடி, ஐந்தடித் தண்ணீரில் ஓட்ட வேண்டும். அப்போதுதான் உதடு தரையைத் தட்டிக்கொண்டே வரும். கல்லில் இடித்ததும் லூர் சட்டென்று பக்கவாட்டில் விலகும், பெரும்பாலும் பாஸ் கடிப்பது அந்த நொடியில்தான். எதிலும் இடிக்காமல் நேராக வரும் லூரை மீன் பின்தொடர்ந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியில் பாலச் சாலைகளின் ஓரம் கொட்டிவைத்த பாறைச் சரிவுகள் இதற்கென்றே அமைந்தவை. வசந்தத்தின் தொடக்கத்தில் கரைக்கு இணையாக வீசி, சரிவின் முழு நீளத்துக்கும் தட்டிக்கொண்டே வாருங்கள். கரையிலிருந்து செங்குத்தாக வீசினால் சரியான ஆழத்தில் லூர் இருக்கும் நேரம் மிகக் கொஞ்சம்.

கட்டையில் மோதினால் ரீலைச் சுற்றுவதை நிறுத்துங்கள். பால்சா மிதவை அதிகம் என்பதால் லூர் பின்வாங்கியபடி மேலெழும், முள்ளும் விடுபடும். பிளாஸ்டிக் லூர்கள் பல இவ்வளவு வேகமாக எழாது, டிடி-6க்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு இதுவே போதுமான காரணம். பதறிப்போய் ராடை (தூண்டில் கோலை) வெட்டி இழுத்தால் முள் மரத்தில் இறங்கிவிடும், பிறகு லூர் ஏரிக்குத்தான்.

ராட் விறைப்பாக இருக்கக் கூடாது. ஏழடி நீளத்தில், நடுவரை வளையும் ஃபைபர்கிளாஸ் அல்லது கலப்பு ராட் எடுங்கள். முனை மட்டும் வளையும் கிராஃபைட் ராடில் மீன் கடித்ததுமே இழுத்துவிடுவோம், சிறிய முட்கள் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். "கடிக்கிறது, ஆனால் பாதியில் கழன்றுவிடுகிறது" என்று லூரைக் குறை சொல்பவர்களில் பலருக்குக் குற்றவாளி ராட்தான்.

புது லூரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் படகோரம் வேகமாக இழுத்துப் பாருங்கள். வலப்பக்கம் சாய்ந்து ஓடினால், மூக்கு உங்களைப் பார்க்கும்படி பிடித்து, நரம்பு கட்டும் வளையத்தைக் குறடால் இடப்பக்கம் மிக லேசாக வளையுங்கள். இடப்பக்கம் ஓடினால் வலப்பக்கம். முறுக்கக் கூடாது, பால்சாவில் வளையம் ஆடத் தொடங்கினால் லூர் போச்சு. நரம்பை வளையத்தில் நேரடியாக இறுக்கி முடிச்சிட்டால் லூரின் நெளிவாட்டம் குறையும், இடையில் சின்ன ஸ்னாப் கொக்கி போடுங்கள்.

குறை என்றால் அதே பால்சாதான். பாறையில் திரும்பத் திரும்ப மோதினால் மூக்குப் பூச்சு விரிசல்விட்டு, மரம் தண்ணீர் குடித்து, ஆட்டம் மந்தமாகும். விரிசலைக் கண்டதும் நன்றாக உலர்த்தி, நிறமற்ற நகப்பூச்சோ எபாக்ஸியோ தடவிவிடுங்கள். எதிர்க்காற்றில் வீச்சு தடுமாறும், பெய்ட்காஸ்டர் (வீசும்போது உருளை சுழன்று நரம்பை விடும்) ரீலில் நரம்பு சிக்கும். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைத்தால் பூச்சு கொப்புளிக்கும்.

பாசியில் இரண்டு முட்களும் கொத்தாக அள்ளிக்கொண்டு வரும். நம்மூர்க் குளத்தில் விராலுக்குத் தவளை லூர் போட்டுப் பழகியவர்கள் அதே நினைப்பில் இதைப் பாசிக்குள் வீச வேண்டாம். பாசிக்கு மேலே ஓட்ட உதடில்லாத கிராங்க்பெய்ட் உண்டு, அது வேறு கருவி.

நிறத்தைப் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. வசந்தத்தில் கிராஃபிஷ் எனும் நன்னீர்ச் சிங்கிறால் போன்ற சிவப்பு, இலையுதிர் காலத்தில் ஷாட் எனும் இரைமீன் போன்ற வெள்ளி-சாம்பல், இந்த இரண்டு போதும். ஒன்று சுமார் பத்து டாலர் ஆகிறது. மூன்றாவது நிறத்துக்குக் கொடுக்கும் பணத்தில், மாட்டிக்கொண்ட லூரை எடுக்க உதவும் கனமான லூர் மீட்பான் ஒன்றைக் கயிற்றோடு வாங்கிப் படகில் போட்டுக்கொள்ளுங்கள்.